கட்டட வேலையில் எல்லோரும் 8 மணிக்கே வர வேண்டுமா?

வேலை நேரத்தை ஆளுக்குத் தகுந்த மாதிரி மாற்றலாமா என்று பேச்சை எடுத்தாலே, "ஆபீஸுக்குச் சரி, சைட்டில் நடக்காது" என்பார்கள். நடக்கும். ஆனால் ஆட்களிடம் கேட்பதற்கு முன்னால் வேலையைப் பாருங்கள். யாருக்கு எந்த நேரம் வேண்டும் என்று எடுத்தவுடன் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள், எதுவும் ஒத்துவராமல் பழைய நேரத்துக்கே திரும்பிவிடுவீர்கள்.

அடுத்த 2 வாரத்து வேலைகளைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றும் எதற்காகக் காத்திருக்கிறது என்று பக்கத்தில் குறியுங்கள். காங்கிரீட் போடும் நாளில் யாருக்கும் நேரச் சலுகை வேண்டாம். கலவையில் தண்ணீர் சேர்ந்ததும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்குள் கொட்டி, கலவையை அதிர வைத்து இறுக்கும் வைப்ரேட்டர் விட்டு முடித்தாக வேண்டும், நடுவில் ஒரு வயர் பைப்போ கம்பியோ நகர்ந்தால் அதைச் சரிசெய்ய எலக்ட்ரீஷியனும் கம்பி கட்டியவரும் பக்கத்திலேயே நிற்க வேண்டும். கிரேன் வரும் நாளும் அப்படித்தான். மற்றபடி வயர் இழுப்பது, டைல்ஸ், பெயின்ட், கதவு மாட்டுவது எல்லாம் 7 மணிக்கு ஆரம்பித்தால் என்ன, 10 மணிக்கு ஆரம்பித்தால் என்ன? சுவரில் காடி வெட்டுவது போல சத்தம் வரும் வேலைக்கு மட்டும் அக்கம்பக்கத்து நேரக் கட்டுப்பாட்டைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் எல்லோரும் கட்டாயம் இருக்கும் நேரம் ஒன்று வேண்டும், 10 முதல் 2 வரை என்று வையுங்கள். சரக்கு இறக்குவது, அளவு சரிபார்ப்பது, சண்டை தீர்ப்பது எல்லாம் அதற்குள் முடியட்டும். வெயில் காலத்தில் கொத்தனாரும் சித்தாளும் விடியற்காலையில் வந்து மதியம் 2 மணியோடு முடிப்பதே நல்லது. 10 மணி நேரம் வீதம் வாரத்துக்கு 4 நாள் என்ற முறையும் உண்டு, ஆனால் சாரத்தின் மேல் நிற்பவருக்குக் கடைசி 2 மணி நேரம் ஆபத்தானது. உயரத்தில் செய்யும் வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள், எந்த நேரத்திலும் யாரையும் சாரத்தில் தனியாக விடாதீர்கள். லீவு விடும் நாட்களில் யார் கியூரிங் தண்ணீர் விடுவது என்று பெயர் போட்டு எழுதுங்கள், புதுக் காங்கிரீட் குறைந்தது 7 நாளாவது ஈரமாக இருக்க வேண்டும்.

நாங்கள் அடிபட்டுக் கற்ற இடம், வேலையைக் கைமாற்றுவது. பிளம்பர் சுவருக்குள் போன லைனில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கத் தண்ணீர் பிரஷர் ஏற்றி வைத்துவிட்டு 3 மணிக்குக் கிளம்பிவிட்டார். சாயங்காலம் வந்தவருக்கு அது தெரியாது, கிளாம்ப் அடிக்க டிரில் போட்டார், பைப்பில் ஓட்டை, புதுப் பூச்சு முழுக்க ஊறிப்போனது. அன்றிலிருந்து கிளம்புகிறவர் செய்த இடத்திலேயே சுவரில் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும்: "பைப் இங்கே, டெஸ்ட் நடக்கிறது, தொடாதே." வாட்ஸ்அப்பில் போடுவது போதாது, கையில் டிரில்லோடு நிற்பவர் போனைப் பார்க்கமாட்டார்.

கூலியை முன்கூட்டியே பேசிவிடுங்கள். வேலை நேரம் முன்பின் நகர்கிறதா, இல்லை குறைகிறதா என்பது தினக்கூலிக்காரருக்குப் பெரிய விஷயம், நாள் சம்பளம் குறையாது என்று தெளிவாகச் சொன்னால்தான் அவர் வாய் திறந்து தனக்கு வேண்டியதைக் கேட்பார். சில இடங்களில் ஓவர்டைமை நாள் கணக்கில் பார்ப்பார்கள், 10 மணி நேர நாளுக்கு முன்னால் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள்.

முதலில் ஒரு குழுவோடு 4 வாரம் செய்து பாருங்கள், அதுவும் ஃபினிஷிங் வேலை செய்பவர்களோடு. எங்கள் டைல்ஸ்காரர் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு 10 மணிக்கு வந்து, 6 மணிக்கு முடிப்பார். அந்த நேரத்தில் மற்றவர்கள் கிளம்பியிருப்பார்கள், அவர் ஒட்டிய தரையை விடியும்வரை யாரும் மிதிப்பதில்லை.