சிட்னியில் வாடகை வீடு: ப்ராப்பர்ட்டி மேனேஜர் வழியாக வீடு எடுப்பவர்கள் அறிந்திருக்க வேண்டியவை

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ வாடகைக்கு இருந்தவர்களுக்கு வீட்டுக்காரர் பெரும்பாலும் நேரில் தெரிந்தவராக இருப்பார். குழாய் ஒழுகினால் மாடிக்குப் போய்ச் சொல்லலாம். சம்பளம் தாமதமானால் வாடகைக்கு நாலு நாள் தவணை கேட்கலாம். சிட்னியில் வீட்டுக்காரரைக் கடைசிவரை பார்க்காமலே பலர் குடியிருந்துவிட்டுப் போகிறார்கள். வீட்டைக் காட்டுவது, விண்ணப்பத்தை வாங்குவது, வாடகை வசூலிப்பது, பழுது பார்க்க ஆள் அனுப்புவது எல்லாமே ரியல் எஸ்டேட் அலுவலகத்தில் இருக்கும் ப்ராப்பர்ட்டி மேனேஜரின் (பேச்சுவழக்கில் ஏஜென்ட்) வேலை. அவர் எவ்வளவு கனிவாகப் பேசினாலும், அவருக்குக் கட்டணம் கொடுப்பவர் வீட்டுக்காரர். அவர் கடமைப்பட்டிருப்பதும் வீட்டுக்காரருக்கே. அவர் பல வீடுகளை ஒன்றாகக் கவனிப்பவர், இடையில் வேலை மாறியும் போய்விடலாம் என்பதால், வாய்மொழியாகச் சொன்ன வாக்கு அவரோடு போய்விடும், மின்னஞ்சலில் இருப்பது மட்டும் நிற்கும். ஆகவே தொலைபேசியில் எதைப் பேசினாலும், "இன்று நாம் பேசியபடி" என்று தொடங்கி இரண்டு வரி அன்றே எழுதி அனுப்பிவிடுங்கள்.

இங்கே சொல்பவை நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 2010ஆம் ஆண்டு குடியிருப்பு வாடகைச் சட்டத்தையும் அதில் அண்மையில் வந்த திருத்தங்களையும் ஒட்டியவை. மெல்பர்னுக்கோ பிரிஸ்பேனுக்கோ போகிறவர்கள் அந்தந்த மாநில விதிகளைப் பார்க்க வேண்டும்.

டூங்காபி, வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், வெஸ்ட்மீட் என நம்மவர்கள் அதிகம் வாழும் பகுதிகளில் வீடு பார்க்கும்போது, விளம்பரத்தில் உள்ள தொகை வார வாடகை என்பதை மறக்க வேண்டாம். வாரம் 600 டாலர் என்றால் மாதத்துக்கு 2,400 அல்ல. ஆண்டின் 52 வாரங்களைப் பன்னிரண்டால் வகுத்தால் 2,600 டாலர் வரும். வீட்டைப் பார்க்கத் தரும் நேரம் பெரும்பாலும் பதினைந்து நிமிடம்தான், வரிசையில் பலர் நிற்பார்கள். முன்பு வாடகைக்கு இருந்த பதிவு இந்த நாட்டில் இல்லாத புதியவர்கள், வேலை நியமனக் கடிதம், வங்கி இருப்புச் சான்று, ஊரில் குடியிருந்த வீட்டுக்காரரிடம் ஆங்கிலத்தில் வாங்கிய கடிதம், குடும்பத்தைப் பற்றிய ஒரு பக்க அறிமுகம் ஆகியவற்றை முன்கூட்டியே தயாராக வைத்திருந்தால், வீட்டைப் பார்த்த அன்றே விண்ணப்பித்துவிடலாம். விண்ணப்பத்துக்கோ பின்னணி விசாரணைக்கோ உங்களிடம் கட்டணம் கேட்கக் கூடாது. விளம்பரத்தில் உள்ளதைவிடக் கூடுதலாகத் தரச் சொல்லி ஏஜென்ட் உங்களைத் தூண்டுவதும் சட்டப்படி குற்றம். வீட்டுக்குள் நுழைந்து பார்க்காமல் யாருக்கும் பணம் அனுப்ப வேண்டாம். ஏஜென்டின் உரிமம் உண்மையானதா என்பதை மாநில அரசின் நுகர்வோர் பாதுகாப்புத் துறையான ஃபேர் டிரேடிங்கின் பொதுப் பதிவேட்டில் இலவசமாகப் பார்க்கலாம்.

முன்பணம் பாண்ட் எனப்படும். அது நான்கு வார வாடகையைத் தாண்டக் கூடாது. அதோடு அதிகபட்சம் இரண்டு வார வாடகையை முன்கூட்டிக் கேட்கலாம். மேலே சொன்ன வீட்டுக்கு 2,400 டாலரும் 1,200 டாலருமாக மொத்தம் 3,600 டாலர் கையில் இருக்க வேண்டும். பாண்ட் வீட்டுக்காரரின் பையில் இருக்கும் பணம் அல்ல, ஃபேர் டிரேடிங்கில் உங்கள் பெயரில் வைக்கப்படும் பணம். 'ரென்டல் பாண்ட்ஸ் ஆன்லைன்' என்ற அரசு இணையத்தளம் வழியாக நீங்களே நேரடியாகச் செலுத்துவதுதான் பாதுகாப்பு. ஏஜென்டிடம் கொடுத்திருந்தால் ஃபேர் டிரேடிங்கிலிருந்து பாண்டின் பதிவு எண் வந்ததா என்று பார்த்து, வராவிட்டால் கேளுங்கள்.

சாவியை வாங்கிய முதல் வாரம்தான் எல்லாவற்றிலும் முக்கியமானது. வீட்டின் நிலையைப் பதிவு செய்ய ஏஜென்ட் தரும் கண்டிஷன் ரிப்போர்ட் என்ற படிவத்தில் ஒவ்வோர் அறையின் ஒவ்வொரு பகுதிக்கும் எதிரே, சுத்தமாக உள்ளதா, சேதமின்றி உள்ளதா, இயங்குகிறதா என்ற மூன்று கட்டங்கள் இருக்கும். ஏஜென்ட் எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று குறித்திருப்பார். நீங்கள் ஏற்காத இடத்தில் 'இல்லை' என்று குறித்து, விவரம் எழுதி, குடிவந்த 7 நாள்களுக்குள் திருப்பித் தர வேண்டும். பெட்டிகளைப் பிரிக்கும் அவசரத்தில் இதைத் தள்ளிப்போடுபவர்கள்தான் பிறகு வருந்துகிறார்கள். அடுப்புக்கு மேலே உள்ள புகைபோக்கியின் வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள்: முந்தைய குடும்பத்தின் எண்ணெய்ப் பிசுக்கு அங்கே உறைந்திருந்தால் படமெடுத்து வையுங்கள், ஏனெனில் வீட்டைக் காலி செய்யும்போது அது உங்கள் தாளிப்பின் கணக்கில்தான் எழுதப்படும். ஓவன் அடுப்பின் உட்புறம், சமையல் மேடையில் மஞ்சள் கறை, கார்ப்பெட்டின் ஓரங்கள், சுவரில் ஆணி ஓட்டைகள், ஜன்னல் திரையின் கயிறு, குளியலறைச் சிலிக்கோனில் கறுத்த பூஞ்சை ஆகியவற்றையும் தேதியோடு படமெடுத்து, ஏஜென்டுக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

குடியிருக்கும் காலத்தில் ஏஜென்ட் ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் வழக்கமான பார்வையிடலுக்கு வரக் கூடாது. ஒவ்வொரு முறையும் 7 நாள் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தாளிக்கும்போதும் சாம்பிராணி போடும்போதும் புகை எச்சரிக்கைக் கருவி அலறினால் ஜன்னலைத் திறங்கள். கருவியைக் கழற்றுவதோ துணியால் மூடுவதோ ஆபத்து, சட்டமீறலும் ஆகும். ஊரிலிருந்து பெற்றோர் வந்து சில மாதம் தங்குவதானால் முன்கூட்டியே ஏஜென்டுக்கு எழுதிவிடுவது நல்லது. ஓர் அறையை வேறொருவருக்கு உள்வாடகைக்கு விடுவதானால் எழுத்தில் அனுமதி கட்டாயம் தேவை.

வெந்நீர்க் கருவி நின்றுபோவது, கழிப்பறை அடைப்பது, எரிவாயுக் கசிவு, ஆபத்தான மின்கோளாறு போன்றவை அவசரப் பழுதுகள். ஏஜென்டைத் தொடர்புகொள்ள முயன்று, நியாயமான அவகாசம் தந்தும் பதில் இல்லையென்றால், உரிமம் பெற்ற தொழிலாளரை வைத்து நீங்களே சரிசெய்யலாம். பற்றுச்சீட்டோடு எழுதிக் கேட்டால் 1,000 டாலர் வரையிலான நியாயமான செலவை 14 நாள்களுக்குள் தர வேண்டும். ஆனால் பழுது பார்க்கவில்லை என்ற கோபத்தில் வாடகையை நிறுத்திவைக்காதீர்கள். 14 நாள் பாக்கி விழுந்தால் வெளியேறும் நோட்டீஸ் அனுப்ப அவர்களுக்கு உரிமை உண்டு. உங்கள் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் அதை முன்வைக்க வேண்டிய இடம் வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் என்காட் (NCAT) என்ற தீர்ப்பாயம். அங்கே போகும் முன் வட்டாரந்தோறும் உள்ள குடியிருப்போர் ஆலோசனைச் சேவைகளை அணுகலாம், ஆலோசனை இலவசம். ஆங்கிலம் தடையாக இருந்தால் 131 450 என்ற எண்ணில் அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

வாடகையை 12 மாதத்துக்கு ஒருமுறைதான் உயர்த்தலாம், அதற்கும் 60 நாள் எழுத்து அறிவிப்பு வேண்டும். 2025 மே 19 முதல், சட்டம் ஏற்கும் காரணம் இல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது. ஆகவே, "லீஸ் முடிகிறது, காலி செய்யுங்கள்" என்று மட்டும் ஒரு மின்னஞ்சல் வந்தால் பயந்து பெட்டி கட்ட வேண்டாம். என்ன காரணம் என்று எழுத்தில் கேளுங்கள்.

லீஸ் முடியும் முன் நீங்களாகவே வெளியேறினால், எவ்வளவு காலம் கழிந்தது என்பதைப் பொறுத்து ஒரு வாரம் முதல் நான்கு வாரம் வரை வாடகை ஈடாகத் தர வேண்டும். ஓராண்டு லீஸில் நான்காவது மாத முடிவில் போனால் மூன்று வாரம். காலி செய்யும்போது, செல்லப்பிராணி வைத்திருந்தாலன்றி, கார்ப்பெட்டைத் தொழில்முறைத் துப்புரவாளரை வைத்துத்தான் கழுவ வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. வீட்டை வந்தபோது இருந்த நிலையில், நியாயமான தேய்மானம் போக, ஒப்படைத்தால் போதும். பிறகு ஏஜென்ட் கேட்கும்வரை காத்திராமல் பாண்டை நீங்களே இணையத்தளத்தில் கோரலாம். உங்கள் ஒப்புதலின்றி அவர்கள் முதலில் கோரினால் ஃபேர் டிரேடிங் உங்களுக்கு அறிவிப்பு அனுப்பும். 14 நாள்களுக்குள் நீங்கள் தீர்ப்பாயத்துக்குப் போகாவிட்டால் பணம் அவர்கள் கேட்டபடி போய்விடும். வீடு மாறிய கையோடு ஊருக்கு விடுமுறை போகிறவர்கள், பாண்ட் கணக்கில் உள்ள மின்னஞ்சலையும் தொலைபேசி எண்ணையும் மாற்றாமல் வைத்து, அந்த இரண்டு வாரமும் நாள்தோறும் பார்த்துவர வேண்டும்.