டேட்டாபேஸ் சர்வருக்கு மலிவாக டிஸ்க் வாங்குவது எப்படி?
சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் நுழைந்ததும் "எத்தனை டெராபைட் சார்?" என்றுதான் கேட்பார்கள், ஆனால் டேட்டாபேஸுக்கு இடத்தைவிட வேகம்தான் முக்கியம். 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் நொடிக்குச் சுமார் 100 ரேண்டம் ரீடுக்கே (அங்கங்கே சிதறிய இடங்களில் இருந்து படிப்பதற்கே) மூச்சு வாங்கும், எஸ்எஸ்டி பல்லாயிரம் தரும். அதற்காக லேப்டாப்புக்கான மலிவு எஸ்எஸ்டியைப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு கமிட்டுக்கும் (மாற்றத்தை உறுதிசெய்யும்போதும்) டேட்டாபேஸ் எஃப்சிங்க் கேட்கும், அதாவது "உடனே டிஸ்க்கில் எழுதி முடி" என்று சொல்லும், கரண்ட் போனாலும் கையில் இருப்பதை எழுதி முடிக்கக் கெப்பாசிட்டர் உள்ள டிஸ்க்தான் அதற்குத் தாக்குப்பிடிக்கும். புதிது கட்டுப்படியாகவில்லையா, சர்வரில் இருந்து கழற்றிய செகண்ட்ஹேண்ட் என்டர்பிரைஸ் எஸ்எஸ்டி கேளுங்கள், காசு கொடுக்கும் முன் கடையிலேயே டிஸ்க்கின் நிலையைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் (smartctl) புரோகிராமை ஓட்டி மிச்ச ஆயுளைப் பாருங்கள் (கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை). அப்புறம் இரண்டாக வாங்கி ரெய்டு 1 போடுங்கள், இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தரவு இருக்கும். பல டிஸ்க்கில் பிரித்து, மீட்பதற்கான பாரிட்டி கணக்கையும் சேர்த்து எழுதும் ரெய்டு 5 வேண்டாம், ஒரு சின்ன ரைட்டுக்கு நான்கு முறை டிஸ்க்கைத் தொடும். பேக்கப்புக்கு மட்டும் சாதா ஹார்ட் டிஸ்க் போதும்.