குறும்படத்துக்குக் கதை வேண்டுமா? வரி விளம்பரப் பக்கத்தைப் படியுங்கள்

குறும்படத்துக்குக் கதை தேடுபவர்கள் பெரும்பாலும் மற்ற குறும்படங்களைத்தான் பார்க்கிறார்கள். அதனால்தான் எல்லாக் கதையும் ஒரே மாதிரி வருகிறது. நாளிதழில் யாரும் நின்று படிக்காத வரி விளம்பரங்களையும் பொது அறிவிப்புகளையும் தினமும் படியுங்கள். கதைகள் அங்கே கொட்டிக் கிடக்கின்றன.

வழக்கறிஞர் மூலம் வரும் அறிவிப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். வீட்டின் அசல் கிரயப் பத்திரம் தொலைந்துவிட்டது, ஆட்சேபணை உள்ளவர்கள் 15 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கும். உடனே கேள்வி கேளுங்கள். பத்திரம் உண்மையிலேயே தொலைந்ததா, இல்லை யாராவது ஒளித்து வைத்திருக்கிறார்களா? இந்த அறிவிப்பைப் பார்த்துப் பதறப்போவது யார்? 14ஆம் நாள் மாலை, வருடக்கணக்காகப் பேசாத அக்கா அந்தப் பத்திரத்தோடு தம்பி வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். கதை கிடைத்துவிட்டது! காலக்கெடு அறிவிப்பிலேயே இருக்கிறது. படமெடுக்க ஒரு வீடும் இரண்டு நடிகர்களும் போதும்.

பெயர் மாற்றம், 'காணவில்லை', முதலாம் ஆண்டு நினைவஞ்சலி என எதிலும் இதே கேள்விகளைக் கேட்கலாம். எனக்குப் பிடித்தது பெயர் மாற்றம்தான். ஐம்பது வயதில் ஒருவர் ஏன் பெயரை மாற்றுகிறார்?

பிடித்ததை வெட்டி நோட்டில் ஒட்டி, பக்கத்திலேயே கேள்வியையும் எழுதிவிடுங்கள். அப்புறம் ஒன்று: அவை நிஜ மனிதர்களின் துயரங்கள். பெயர், ஊர், தொழில் எல்லாவற்றையும் மாற்றிய பிறகே எழுத உட்காருங்கள்.