வல்லரசின் படைத் தலையீடுகளை ஆதாரத்தோடு விமர்சிப்பது எப்படி?

சென்னையின் வாசிப்பு வட்டங்களிலும் கல்லூரி அரங்குகளிலும் அமெரிக்காவின் அயல்நாட்டுத் தலையீடுகளைப் பற்றிப் பேச வருபவர்கள் பலர், வியட்நாம், சிலி, ஈராக் என்று அடுக்கிக்கொண்டே போய், ஏகாதிபத்தியம் ஒழிக என்று முடித்துவிடுகிறார்கள். கைதட்டல் கிடைக்கும், ஆனால் மாற்றுக்கருத்து உள்ள ஒருவரைக்கூட அந்தப் பேச்சு யோசிக்க வைக்காது. அரை மணி நேரப் பேச்சுக்கு இரண்டு நிகழ்வுகள் போதும். அவற்றை அடிமுதல் நுனிவரை படித்துவிட்டு மேடையேறுங்கள்.

ஆதாரத்தை முதலில் அந்த நாட்டின் ஆவணங்களிலேயே தேடுங்கள். டோங்கின் வளைகுடா நிகழ்வை எடுத்துக்கொள்ளலாம். 1964 ஆகஸ்ட் 2 அன்று வட வியட்நாமியப் படகுகள் மேடக்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலைத் தாக்கியது உண்மை; அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆகஸ்ட் 4 இரவு மீண்டும் தாக்கினார்கள் என்ற செய்திதான் சிக்கலானது. வானிலையால் ரேடாரில் தெரிந்த உருவங்களும் நீருக்கடியில் ஒலியைக் கொண்டு கண்டறியும் சோனார் கருவியை இயக்கியவரின் மிகையார்வமும் காரணமாக இருக்கலாம், கண்ணால் எவரும் எதையும் காணவில்லை, முழுமையாக ஆராய்ந்த பிறகு நடவடிக்கை எடுங்கள் என்று அந்தக் கப்பலில் இருந்த தளபதி ஹெரிக் உடனே செய்தி அனுப்பினார். அதன் பிறகும் வட வியட்நாம் மீது குண்டு வீசப்பட்டது. ஆகஸ்ட் 7 அன்று, போர் நடவடிக்கைக்கு அதிபர் ஜான்சனுக்கு அதிகாரம் தரும் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் 416–0 என்றும் செனட்டில் 88–2 என்றும் நிறைவேறியது. அந்த இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்பதை, அந்நாட்டின் தேசியப் பாதுகாப்பு முகமை 2005இல் வெளியிட்ட அதன் சொந்த வரலாற்றாய்வே காட்டியது. எதிர்த்து வாக்களித்த வேய்ன் மோர்ஸ், எர்னஸ்ட் குரூனிங் ஆகியோரின் பெயர்களை அவசியம் சொல்லுங்கள். நாம் குறை கூறுவது ஓர் அரசின் முடிவைத்தான், ஒரு மக்களினத்தை அல்ல என்பது அப்போது அவையினருக்குத் தானாக விளங்கும்.

ஆவணம் எந்த ஆண்டில் வெளியானது என்பதையும் பாருங்கள். ஈரான் பிரதமர் மொசாதெக் 1953இல் கவிழ்க்கப்பட்டதில் சி.ஐ.ஏ.வுக்கு இருந்த பங்கைப் பற்றி அமெரிக்க வெளியுறவுத் துறை 1989இல் வெளியிட்ட ஆவணத் தொகுதி வாய் திறக்கவில்லை. 2017இல் வந்த தொகுதியில்தான் அது இடம்பெற்றது. இவை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பின்னணி நூல்களுக்குக் கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கோ எழும்பூர் கன்னிமாராவுக்கோ செல்லலாம்.

உயிரிழப்பு எண்ணிக்கை சொல்வதானால், எண்ணியவர் யார், எந்தக் காலத்துக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒரே அளவுகோலை எல்லோருக்கும் பயன்படுத்துங்கள். ஹங்கேரியில் 1956இலும் ஆப்கானிஸ்தானில் 1979இலும் நுழைந்த சோவியத் படைகளைப் பற்றி மௌனம் காப்பவரின் விமர்சனம் எடுபடாது. சென்னையில் மற்றொரு கேள்வியும் உறுதியாக எழும்: 1987இல் இலங்கைக்குச் சென்ற இந்திய அமைதிப்படை? அது இலங்கை அரசுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி சென்றது என்ற வேறுபாட்டைச் சொல்லலாம். ஆனால் அங்கிருந்த தமிழர்கள் பட்ட துயரத்தை அந்த வேறுபாட்டுக்குள் ஒளித்துவிடக் கூடாது. 1990 மார்ச்சில் அந்தப் படை சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள் அவையில் இருப்பார்கள். உங்கள் உரையைச் சுருக்கியாவது அவர்களுக்குப் பதில் சொல்லப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.