முத்துப்பேட்டை அலையாத்திப் பகுதியில் தூண்டில் போடுவோர் கவனத்திற்கு

முத்துப்பேட்டைக் காயலில் தூண்டில் போடச் செல்வோர் நாட்காட்டியைப் பார்ப்பதற்கு முன் நிலவைப் பார்ப்பது நல்லது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் ஓதத்தின் ஏற்றமும் வற்றமும் கூடுதலாக இருக்கும். நீர் வற்றத் தொடங்கும்போது, அலையாத்தி வேர்களுக்கிடையே மேய்ந்த சிறு மீன்களும் இறால்களும் ஓடைகள் வழியாக வெளியேறுவதால், கொடுவா போன்ற வேட்டை மீன்கள் ஓடை வாயிலேயே காத்திருக்கும். அந்த நேரம் நாள்தோறும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், நேற்றைய நேரத்தை நம்பி இன்று செல்ல வேண்டாம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் பாமணியாறும் கோரையாறும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்ப்பதால், காயலின் உப்புத்தன்மை குறைந்து நீர் கலங்கிவிடும். அப்போது முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களே பொருத்தமானவை என்பது என் கருத்து. மழை ஓய்ந்து நீர் தெளியும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களே எனக்கு மிகவும் பிடித்தவை. கோடையில் ஆழமற்ற இடங்கள் சூடேறிவிடும் என்பதால் விடியற்காலையே ஏற்றது. வற்றும் நேரத்தில் சேற்றில் இறங்கவே கூடாது. இது காப்புக்காடு ஆகையால், வனத்துறையின் அனுமதியை முன்கூட்டியே பெற்றுக்கொள்ளுங்கள்.