குடித்து ஓட்டி லைசன்ஸ் போனபின்: தென்னாப்பிரிக்காவில் லைசன்ஸையும் கார் இன்சூரன்ஸையும் திரும்ப வாங்குவது எப்படி

மாதக் கடைசி சனிக்கிழமை. கல்யாண வீட்டிலிருந்து திரும்பும் வழியில், டர்பன் சாட்ஸ்வொர்த்தின் ஹிகின்சன் ஹைவேயில் ரோட்பிளாக். ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 0.05 கிராம், அல்லது ஊதும் காற்றில் லிட்டருக்கு 0.24 மில்லிகிராம்: இதைத் தொட்டாலே குற்றம். தொழில்முறை ஓட்டுநருக்கு 0.02, 0.10 என்று இன்னும் இறுக்கம். பிடிபட்டுத் தண்டனையும் ஆனபின் பலரும் குழம்புவது ஒரே இடத்தில்தான். கோர்ட்டுக் கணக்கு வேறு, இன்சூரன்ஸ் கணக்கு வேறு. லைசன்ஸ் கைக்கு வந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று காரை எடுப்பவர், அடுத்த விபத்தில் மொத்தச் செலவையும் தன் பையிலிருந்து கட்ட நேரலாம்.

1. தீர்ப்புக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியது

கைதான அன்றே லைசன்ஸ் போய்விடாது. தண்டனை ஆனபின்தான் போகும். ரத்தப் பரிசோதனை முடிவு வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை கேஸைத் தற்காலிகமாக வாபஸ் வாங்குவதும் உண்டு. 'கேஸ் தள்ளுபடி' என்று சந்தோஷப்பட வேண்டாம், முடிவு வந்ததும் சம்மன் வீடு தேடி வரும்.

1996ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம், 35ஆம் பிரிவுப்படி, முதல் குற்றத்துக்குக் குறைந்தது 6 மாதம், இரண்டாவதுக்கு 5 வருடம், மூன்றாவதுக்கு 10 வருடம் லைசன்ஸ் நிறுத்திவைக்கப்படும். தண்டனை விதித்த நாளிலிருந்து கணக்கு. அபராதமோ 6 வருடம் வரை சிறையோ தனி.

இந்தக் காலத்தைக் குறைக்க ஒரு வழி சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அதைத் தீர்ப்பு நேரத்திலேயே, சத்தியப் பிரமாணம் செய்து சாட்சி சொல்லித்தான் கேட்க முடியும். காரணமும் குற்றம் நடந்த சூழ்நிலையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். 'கார் இல்லாமல் வேலைக்குப் போக முடியாது, பிள்ளைகளை யார் பள்ளிக்கூடத்தில் விடுவது' என்பது அந்தக் கணக்கில் வராது. வக்கீல் இல்லாமல் போய் இதையே திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு வருகிறவர்கள் நிறைய.

தீர்ப்பானதும் உத்தரவின் சான்றிட்ட நகலைக் கோர்ட் கிளார்க்கிடம் கேட்டு வாங்குங்கள். அதில் 'நிறுத்திவைப்பு' என்றிருக்கிறதா, 'ரத்து' என்றிருக்கிறதா என்று பாருங்கள். இனி நடக்க வேண்டியதெல்லாம் அந்த ஒரு சொல்லைப் பொறுத்தது.

2. ஓட்டக் கூடாத மாதங்களில் பாலிசியை என்ன செய்வது

பாலிசியை நிறுத்திவிட்டால் காசு மிச்சம் என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். பேங்க் கடனில் வாங்கிய கார் என்றால், முழுக் காப்பீடு இருக்க வேண்டும் என்று கடன் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். கடன் இல்லாவிட்டாலும், நடுவில் விட்டுப்போன மாதங்களைப் பற்றி அடுத்த கம்பெனி கேட்கும். தண்டனையோடு அந்த இடைவெளியும் சேர்ந்தால் பேரம் இன்னும் கஷ்டம்.

ஆகவே உடனே கம்பெனிக்குச் சொல்லுங்கள். மனைவியோ மகனோ ஓட்டுவதாக இருந்தால், 'வழக்கமான ஓட்டுநர்' என்ற இடத்தில் அவர் பெயரை மாற்றச் சொல்லுங்கள். யாருமே ஓட்டாமல் கார் கராஜில் நிற்கப்போகிறது என்றால், திருட்டுக்கும் தீவிபத்துக்கும் மட்டும் காப்பைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். கண்ணாடியில் ஒட்டும் வண்டியின் லைசன்ஸ் டிஸ்க் வேறு விஷயம். உங்கள் லைசன்ஸ் நின்றாலும் அதை வருடா வருடம் புதுப்பித்தே ஆக வேண்டும்.

3. அட்டையைத் திரும்ப வாங்குவது

நிறுத்திவைப்பு என்றால்: காலம் முடிந்ததும் அட்டை தபாலில் வந்து விழாது, நீங்கள்தான் போய்க் கேட்க வேண்டும். அதன் ஆயுள் 5 வருடம்தான், இடையில் காலாவதி ஆகியிருக்கலாம். அப்படியானால் டர்பன் பக்கம் ராஸ்பர்க், பைன்டவுன் மாதிரி ஒரு லைசன்ஸ் சோதனை மையத்தில் டிஎல்1 படிவம், அடையாள அட்டை, புகைப்படங்கள், முகவரிச் சான்று கொடுத்து, கண் பரிசோதனை செய்து புதுப்பிக்க வேண்டும். புது அட்டை வரும்வரை ஓட்ட, தற்காலிக லைசன்ஸுக்குத் தனியாகக் காசு கட்டுங்கள். கவுன்டர் கணினியில் இன்னும் 'நிறுத்திவைப்பு' என்றே காட்டினால், முதல் படியில் வாங்கிய அந்த நகலை நீட்டுங்கள்.

ரத்து என்றால்: தடைக்காலம் முடிந்தபின் லேர்னர்ஸ் (பழகுநர் லைசன்ஸ்) தேர்விலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். சாதாரணக் காருக்குச் சாலை விதிகளில் 28க்கு 22, குறியீடுகளில் 28க்கு 23, வண்டிக் கட்டுப்பாடுகளில் 8க்கு 6 மதிப்பெண் வேண்டும். பிறகு கே53 என்ற வண்டி ஓட்டிக் காட்டும் தேர்வு. இருபது வருடம் ஓட்டிய கை இங்கேதான் தோற்கும்: கண்ணாடி பார்க்காமல், தோளுக்குமேல் திரும்பிப் பார்க்காமல் வண்டியை நகர்த்துவார்கள். மேட்டில் வண்டி கொஞ்சம் பின்னால் உருண்டாலே அத்தோடு தேர்வு முடிந்தது.

ஸ்கூல் வேன், லாரி ஓட்டிப் பிழைப்பவர்களுக்கு இன்னொரு அடி: தொழில்முறை ஓட்டுநர் பர்மிட்டுக்கு விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 5 வருடத்தில் இந்தக் குற்றத்துக்குத் தண்டனை இருந்தால் பர்மிட் கிடையாது. சாதாரண லைசன்ஸ் ஆறே மாதத்தில் திரும்பியிருந்தாலும் இதில் மாற்றமில்லை.

4. இன்சூரன்ஸ் கேட்கும்போது

இந்த நாட்டில் கார் இன்சூரன்ஸ் கட்டாயமில்லை. பெட்ரோல் விலையில் பிடிக்கும் வரியிலிருந்து சாலை விபத்து நிதி, காயத்துக்கும் உயிரிழப்புக்கும் இழப்பீடு கொடுக்கிறது. ஆனால் இடிபட்ட காருக்கு அது ஒரு சென்ட்கூடத் தராது. விபத்துக்கு உங்கள் போதை மட்டுமே காரணம் என்று ஆனால், கொடுத்த பணத்தை அந்த நிதி உங்களிடமே திருப்பிக் கேட்கலாம். முழுக் காப்பீடு கிடைக்காவிட்டாலும், மூன்றாம் தரப்புக் காப்பையாவது வாங்கிவிடுங்கள்.

போனில் பாலிசி எடுக்கும்போது அந்தப் பக்கத்துப் பெண் மளமளவென்று படித்துக்கொண்டே போவார்: 'உங்களுக்கோ வழக்கமான ஓட்டுநருக்கோ எப்போதாவது லைசன்ஸ் நிறுத்தப்பட்டதா, ரத்தானதா?' அங்கே நிறுத்தச் சொல்லுங்கள். 'எப்போதாவது' என்று கேட்டாரா, 'கடந்த 5 வருடத்தில்' என்றா? கேட்ட கேள்விக்கு உள்ளதை உள்ளபடி, தேதியோடு பதில் சொல்லுங்கள். அந்த அழைப்பு பதிவாகிறது. க்ளெய்ம் வரும் நாளில் அதைத்தான் முதலில் எடுத்துக் கேட்பார்கள்.

ஒரு கம்பெனி மாட்டேன் என்றால் சோர்ந்துவிடாதீர்கள். புரோக்கர் ஒருவர் மூலம் நாலு இடத்தில் கேளுங்கள். ஒத்துக்கொள்பவர்களும் நிபந்தனை போடலாம்: கூடுதல் பிரீமியம், டிராக்கர், பெயர் சொன்னவர் மட்டுமே ஓட்டலாம், பெரிய எக்ஸஸ் (க்ளெய்மில் முதலில் நீங்களே ஏற்க வேண்டிய தொகை). மாதப் பிரீமியத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். கணக்குக்கு ஒன்று: அடிப்படை எக்ஸஸ் 6,000 ராண்ட், தண்டனைக்காகச் சேர்த்தது 10,000. ரிப்பேர் 18,000 என்றால் உங்களுக்குக் கிடைப்பது 2,000தான்.

நம் வீடுகளில் நடக்கும் ஒரு குறுக்கு வழி: பாலிசி மகன் பெயரில், ஓட்டுவது அப்பா. மகனுக்குச் சுத்தமான லைசன்ஸ், பிரீமியம் குறைவு. இடித்தபின் விசாரிக்க வருபவர் அதிகம் கேட்க மாட்டார். ராத்திரி கார் எந்த வீட்டில் நிற்கிறது, காலையில் யார் வேலைக்கு எடுத்துப்போகிறார், மகனுக்கு வேறு கார் உண்டா? மூன்று பதிலில் விஷயம் வெளியே வந்துவிடும், க்ளெய்ம் போய்விடும். பேங்க் கடன் மட்டும் அப்படியே நிற்கும்.

க்ளெய்மை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். கடிதம் கிடைத்த நாளிலிருந்து 90 நாளுக்குள் கம்பெனிக்கே ஆட்சேபம் எழுதலாம். அதற்கும் அசையாவிட்டால் இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கும் தேசிய நிதி ஓம்புட் அமைப்புக்குப் போகலாம், அங்கே கட்டணம் கிடையாது. ஆனால் மறுபடி குடித்து ஓட்டி இடித்திருந்தால், போதையில் ஓட்டினால் இழப்பீடு கிடையாது என்ற பிரிவு பாலிசியிலேயே இருக்கும். அங்கே வாதாடப் பெரிதாக ஒன்றும் இருக்காது.

5. பத்து வருடம் கழித்து

தண்டனையாகி 10 வருடம் ஆகி, அபராதம் 20,000 ராண்டுக்குள் இருந்து, இடையில் அபராதத்துக்கு இடமில்லாத சிறைத்தண்டனை எதுவும் பெறாதவர், குற்றப்பதிவை அழிக்க விண்ணப்பிக்கலாம். முதலில் போலீஸ் ஸ்டேஷனில் கைரேகை கொடுத்துக் கிளியரன்ஸ் சான்றிதழ் வாங்குங்கள். அதோடு நீதித்துறைக்குப் படிவம் அனுப்ப வேண்டும். சான்றிதழில் உள்ள தண்டனைத் தேதியும் கோர்ட் உத்தரவில் உள்ள தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று அனுப்புமுன் ஒத்துப் பாருங்கள்.