நீச்சல் காது: வீட்டு வைத்தியம் எதுவரை?

நீச்சலடித்த ஓரிரு நாளில் காதுக்குள் நமைச்சல். விரலை விட்டுக் குடைந்தால் சுகமாக இருக்கும். பின்னாலேயே வலி வரும். காதுத் துளையிலிருந்து செவிப்பறை வரை போகும் குழாயின் தோலில் வரும் தொற்றுதான் இது. தண்ணீர் தேங்கித் தோல் ஊறிப்போயிருக்கும்போது சின்னக் கீறல் ஒன்று விழுந்தால் போதும், பாக்டீரியா உள்ளே புகுந்துவிடும். சில சமயம் பூஞ்சையும் வரும். அந்தக் கீறலைப் போடுவது பல நேரம் பட்ஸ். அதை வைத்து நாம் வழித்தெடுக்கும் குறும்பி வெறும் அழுக்கல்ல. லேசான அமிலத்தன்மையும் எண்ணெய்ப் பசையும் இருப்பதால் அது காதைக் காக்கிறது.

வீட்டு வைத்தியம் உதவுவது வலிக்கு முன்னால்தான். ஆனால் அதைத் தேடுவதோ வலி வந்த பிறகு!

படி 1: சோதித்துப் பாருங்கள்

காது மடலை மெதுவாக இழுங்கள். துளைக்கு முன்னால் இருக்கும் சிறு மேட்டை அழுத்துங்கள். வலித்தால் நீச்சல் காதாக இருக்க வாய்ப்பு அதிகம். நேராகப் படி 4-க்குப் போங்கள். வலியில்லை, தண்ணீர் மட்டும் அடைத்த மாதிரி இருக்கிறது என்றால் தொடருங்கள்.

படி 2: தண்ணீரை வெளியேற்றுங்கள்

தலையை ஒரு பக்கம் சாய்த்து, மடலைப் பின்பக்கமாக மேலே இழுத்துப் பிடியுங்கள். வளைந்த குழாய் நேராகி, தண்ணீர் தானாக வடியும். சின்னக் குழந்தைகளுக்குக் கீழ்ப்பக்கமாக இழுக்க வேண்டும். வெளிக்காதை மென்மையான துணியால் ஒற்றுங்கள். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், குறைந்தது 30 செ.மீ. தள்ளிப் பிடித்தும் உலர்த்தலாம்.

படி 3: வினிகர் கலவை

வெள்ளை வினிகரும் ரப்பிங் ஆல்கஹாலும் (மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) சம அளவு கலந்துகொள்ளுங்கள். வினிகரின் அமிலத்தில் கிருமிகள் பெருகுவது கடினம். ஆல்கஹால் ஈரத்தை இழுத்துக்கொண்டு ஆவியாகும். பக்கவாட்டில் படுத்து, சுமார் 5 மி.லி. காதுக்குள் விட்டு, பிறகு தலையைச் சாய்த்து வடித்துவிடுங்கள். நீந்துவதற்கு முன்னும் பின்னும் இப்படிச் செய்யலாம்.

செவிப்பறையில் ஓட்டை இருப்பவர்கள், காதில் டியூப் (செவிப்பறையில் பொருத்தும் சிறு குழாய்) வைத்தவர்கள், காது அறுவை சிகிச்சை செய்தவர்கள் இதைத் தொடவே கூடாது. செவிப்பறை முழுதாக இருக்கிறதா என்று சந்தேகம் இருந்தாலும் வேண்டாம். ஏற்கெனவே வலி இருந்தாலும் இதைக் காதில் ஊற்றாதீர்கள், புண்ணில் ஆல்கஹால் பட்டால் எரிச்சல் தாங்க முடியாது.

படி 4: வலி வந்துவிட்டால்

வெதுவெதுப்பான துணியைக் காதின்மேல் வைத்து ஒத்தடம் கொடுங்கள். பாராசிட்டமால் போடலாம். இவை வலியைத்தான் தணிக்கும், தொற்றைத் தீர்க்காது.

பூண்டு எண்ணெய் பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள். ஆய்வுக்கூடத்தில் பூண்டு கிருமியைக் கொல்லும் என்பது உண்மைதான். ஆனால் வீட்டில் காய்ச்சும் எண்ணெயின் சுத்தத்துக்கு யார் உத்தரவாதம்? புண்ணான தோலை அது இன்னும் எரியவைக்கும். காதில் செருகிக் கொளுத்தும் காது மெழுகுவர்த்தி அதைவிட மோசம். மெழுகு சொட்டிச் சுட்டுவிடும்.

ஹோமியோபதி?

காது வலிக்குப் பெல்லடோனா, பல்சட்டில்லா, ஹெப்பர் சல்ஃப் ஆகியவற்றைச் சொல்வார்கள். 30சி என்று போட்ட மருந்தில் மூலப்பொருளை நூறில் ஒரு பங்காக 30 முறை நீர்த்திருப்பார்கள்; அதில் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சாது. ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2015-இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருகிறது என்பதற்கு நம்பகமான ஆதாரமில்லை என்றது. மாத்திரையால் பெரிய கெடுதல் வராமலிருக்கலாம். அதை நம்பி நாட்களைக் கடத்துவதில்தான் எனக்குப் பயம்.

படி 5: மருத்துவரிடம் போங்கள்

மடலைத் தொட்டாலே வலி என்றால் போய்விடுவதே நல்லது. காய்ச்சல், சீழ், காதுக்குப் பின்னால் வீக்கம், கேட்பது குறைவது, முகம் ஒரு பக்கம் கோணுவது ஆகியவை இருந்தால் அன்றைக்கே போங்கள். சர்க்கரை நோயாளிகளும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் வீட்டு வைத்தியத்தை முயலவே வேண்டாம். அவர்களுக்குத் தொற்று மண்டையோட்டு எலும்பு வரை பரவக்கூடும்.

சொட்டு மருந்து கொடுத்தால், பாட்டிலை உள்ளங்கையில் சிறிது நேரம் வைத்திருந்து, பிறகு காதில் விடுங்கள். ஜில்லென்று விட்டால் தலை சுற்றும். வலி இரண்டு மூன்று நாளில் குறையத் தொடங்கினாலும், மருத்துவர் சொன்ன நாள்வரை மருந்தை நிறுத்தாதீர்கள். அதுவரை நீச்சல் கிடையாது. குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சைக் காதின் வாயில் மட்டும் வையுங்கள், உள்ளே திணிக்காதீர்கள்.